எந்த யுனிவர்சிட்டி என்பதைவிட எந்த லேப்: பொறியியல் ஆராய்ச்சிக்கு வெளிநாடு போகிறவர்களுக்கு

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் பி.இ. முடித்த பிள்ளை மேல்படிப்புக்கு வெளிநாடு போகிறது என்றால், வீட்டிலும் கன்சல்டன்சியிலும் முதலில் கேட்பது ‘யுனிவர்சிட்டி ரேங்க் எத்தனை?’ என்பதுதான். பாடம் படித்து, தேர்வெழுதி, இரண்டு ஆண்டில் வெளியே வரும் எம்.எஸ். படிப்புக்கு அந்தக் கேள்வி ஓரளவு போதும். ஆய்வேட்டோடு கூடிய எம்.எஸ்., அல்லது பி.எச்டி. என்றால் போதாது. மாணவர் பெயரளவில் சேர்வது பல்கலைக்கழகத்தில். உண்மையில் சேர்வது ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில். சம்பளம் எங்கிருந்து வரும், எந்தக் கருவியைத் தொட விடுவார்கள், ஐந்து ஆண்டில் முடியுமா, ஏழெட்டு ஆண்டு இழுக்குமா, நடுவில் ஊருக்கு வந்து போக முடியுமா என்பதெல்லாம் அந்த ஆய்வகத்தைப் பொறுத்தது. ஒரே மாடியில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஆய்வகங்களில் ஒன்றில் மாணவர் செழிப்பதும், மற்றொன்றில் வாடுவதும் சாதாரணம். ரேங்க் பட்டியல் இதைக் காட்டாது.

தொடங்கும் முன் ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் நான்கு ஆண்டு பி.இ., பி.டெக். முடித்தவர் நேராகவே பி.எச்டி.க்கு விண்ணப்பிக்கலாம். ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற ஐரோப்பிய நாடுகளில் பொதுவாக முதுகலைப் பட்டம் கேட்பார்கள். எம்.இ. முடித்தவருக்கு ஐரோப்பாவின் மூன்று, நான்கு ஆண்டு பி.எச்டி. லாபம். பி.இ.யோடு நிற்பவருக்கு அமெரிக்கா, அல்லது முதலில் ஒரு முதுகலை.

சம்பளம் எங்கிருந்து வருகிறது

அமெரிக்காவில் பொறியியல் பி.எச்டி. மாணவருக்குச் சம்பளம் பெரும்பாலும் ஆர்.ஏ. எனப்படும் ஆராய்ச்சி உதவியாளர் பதவி வழியாக வரும். இல்லாவிட்டால் டி.ஏ. எனப்படும் கற்பித்தல் உதவியாளர் பதவி: வகுப்பு, லேப் நடத்த உதவி, விடைத்தாள் திருத்தும் வேலை. ஆர்.ஏ. பணத்தைத் தருவது பேராசிரியர் வாங்கிவந்த மானியம். என்.எஸ்.எஃப். எனும் தேசிய அறிவியல் அறக்கட்டளை, எரிசக்தித் துறை, பாதுகாப்புத் துறை, தனியார் கம்பெனிகள் என்று மானியம் பல வாசல்களில் வரும். என்.எஸ்.எஃப். பட்டதாரி மாணவர்களுக்கு நேரடியாகவே ஒரு ஃபெலோஷிப் கொடுக்கிறது. அது அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை உள்ளவர்களுக்கும்தான். எனவே நம் பிள்ளைகளுக்குப் பேராசிரியரின் மானியமே வழி.

கணக்குக்காக, ஒரு மாணவரின் ஆண்டுச் சம்பளம் 35,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பல்கலைக்கழகம் தன் நிர்வாகச் செலவுக்காக அதன் மேல் ஒரு விகிதத்தை மானியத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களில் இது 50 முதல் 60 சதவீதம் வரை போகிறது. 55 என்று போட்டால் 19,250. படிப்புக் கட்டணம் 20,000 என்றால், மொத்தம் 74,250 டாலர். மூன்று ஆண்டுக்கு 2 லட்சத்து 22 ஆயிரத்துக்கு மேல். 4 லட்சம் டாலருக்கு மூன்றாண்டு மானியம் வாங்கிய பேராசிரியரால் ஒரு மாணவரைத் தைரியமாகச் சேர்க்க முடியும். இரண்டாவது மாணவருக்கே கை கடிக்கும். நல்ல மதிப்பெண் வைத்திருப்பவரின் மின்னஞ்சலுக்கும் பதில் வராததற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்: அந்த ஆண்டு அவரிடம் இடமில்லை. தகுதிக் குறைவு என்று மனம் உடைய வேண்டியதில்லை.

இடம் இருக்கிறதா என்பதை முன்கூட்டியே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். என்.எஸ்.எஃப். மானியங்களின் பொதுத் தேடல் பக்கத்தில் பேராசிரியரின் பெயரைப் போட்டால், அவருடைய ஒவ்வொரு மானியமும் எப்போது தொடங்கியது, எப்போது முடிகிறது, எவ்வளவு தொகை, என்ன வேலை என்பது வரும். ஜெர்மனிக்கு கெப்ரிஸ், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு கார்டிஸ், ஜப்பானுக்கு ககென் என்று இதேபோன்ற பொதுத் தரவுத்தளங்கள் உண்டு. பார்க்க வேண்டியது முடியும் தேதி. சேரப்போகும் மாதத்திலிருந்து ஆறு மாதத்தில் முடிந்துவிடும் மானியத்தை நம்பிப் போனால், முதல் ஆண்டிலேயே டி.ஏ. வேலை தேடி அலைய நேரும். அண்மையில் தொடங்கிய மானியம் என்றால் ஆள் தேவை இருக்கும். மானியம் என்றைக்கும் உத்தரவாதமானதல்ல. 2025-ல் என்.எஸ்.எஃப். நடப்பிலிருந்த பல மானியங்களைப் பாதியில் நிறுத்தியது. அதனால் ஒரே மானியத்தில் நிற்கும் ஆய்வகத்தைவிட இரண்டு, மூன்று இடங்களிலிருந்து பணம் வரும் ஆய்வகம் பாதுகாப்பானது.

புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர்களை நம்மவர்கள் ‘ஜூனியர்’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது தவறான கணிப்பு. பல்கலைக்கழகம் அவருக்குத் தொடக்க நிதி கொடுத்திருக்கும்; மாணவரைச் சேர்த்தே ஆகவேண்டிய அவசரம் அவருக்கு உண்டு; தானே லேபில் நின்று சொல்லிக் கொடுப்பார். ஆறாம் ஆண்டு வாக்கில் அவருக்குப் பணி நிரந்தரம் கிடைக்காமல் போனால் ஆய்வகம் கலைந்துபோகும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. அவர் முதல், இரண்டாம் ஆண்டில் இருக்கும்போது சேர்ந்தால், அந்த முடிவு வருவதற்குள் மாணவர் பட்டத்தை நெருங்கியிருப்பார்.

மின்னஞ்சலில் என்ன எழுதுவது

பல துறைகளில் இலையுதிர்கால அட்மிஷனுக்கான கடைசி நாள் டிசம்பர் 1 முதல் 15-க்குள் விழும். பேராசிரியருக்கு எழுத நல்ல காலம் ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை. நூறு பேருக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்புவது வீண். ‘தங்கள் ஆராய்ச்சியில் எனக்கு மிகுந்த ஆர்வம்’ என்று தொடங்கினால் முதல் வரியிலேயே மூடிவிடுவார்கள்.

எழுத வேண்டியது பத்துப் பன்னிரண்டு வரி. யார், எந்தக் கல்லூரி, எப்போது முடிகிறது என்று ஒரு வரி. சொந்தமாகச் செய்த வேலை நான்கு வரி, எண்களோடு. அவருடைய ஒரு கட்டுரையோடு அது எங்கே தொடுகிறது என்று இரண்டு வரி. வரும் ஆண்டில் மாணவர் சேர்க்கும் எண்ணம் உண்டா என்று ஒரு நேர்க் கேள்வி. ஒரு பக்க சி.வி. இணைப்பு.

அந்த நான்கு வரிதான் உயிர். எடுத்துக்காட்டாக, நம் வட்டார சிவில் மாணவர்கள் பலர் நெய்வேலிச் சாம்பலை வைத்து ஜியோபாலிமர் (சிமென்ட் இல்லாத) கான்கிரீட் புராஜெக்ட் செய்வார்கள். ‘சுற்றுச்சூழலுக்கு உகந்த கான்கிரீட் செய்தோம்’ என்று எழுதினால் அதில் ஒன்றுமில்லை. பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்பதால் கலவை சீக்கிரமே இறுகிவிட்டது, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலின் மோலாரிட்டியை இவ்வளவுக்கு மாற்றிப் பார்த்தோம், இறுகும் நேரம் இத்தனை நிமிடம் கூடியது, ஆனால் 28 நாள் கியூப் வலிமை இவ்வளவு குறைந்தது என்று எழுதினால், படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். எது சொதப்பியது, ஏன் சொதப்பியது, அடுத்து என்ன செய்தார்கள் என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்த மாணவரைத்தான் ஆய்வகங்கள் தேடுகின்றன. பரிந்துரைக் கடிதத்துக்கும் இதே அளவுகோல்தான். துறைத் தலைவர் பெயரில் வரும் பொதுப்படையான புகழ்ச்சியைவிட, புராஜெக்ட்டைக் கூடவே இருந்து பார்த்த உதவிப் பேராசிரியர் எழுதும் ஒரு பக்கம் கனமானது.

பேராசிரியரோடு வீடியோவில் பேசும் வாய்ப்பு வந்தால், பிறகு அந்த லேபின் இப்போதைய மாணவர் ஒருவரோடும் முன்னாள் மாணவர் ஒருவரோடும் பேச அனுமதி கேட்க வேண்டும். கேட்பது மரியாதைக் குறைவல்ல, அங்கே எதிர்பார்க்கப்படுவதே. கடைசியாக முடித்தவர்கள் எத்தனை ஆண்டு எடுத்தார்கள், நடுவில் யாராவது விலகினார்களா, பேராசிரியரை வாரத்துக்கு எத்தனை முறை பார்க்க முடியும், கட்டுரை வரைவு அவர் மேசையில் எவ்வளவு நாள் கிடக்கும். இந்த நான்கும் போதும். தயங்கித் தயங்கிப் பதில் வந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

பெயர், சான்றிதழ்

நம்மூர்ப் பிள்ளைகளுக்கென்றே இருக்கும் தொல்லை இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் ‘சர்நேம்’ கட்டத்தைக் காலியாக விட்டு, ‘கிவன் நேம்’ கட்டத்தில் கார்த்திகேயன் செல்வம் என்று மொத்தமாக எழுதிவிடுவார்கள். அமெரிக்க விசாவில் அந்த முழுப் பெயரும் குடும்பப் பெயராகி, சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று அச்சாகும். முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள். பிறகு சமூகப் பாதுகாப்பு எண், வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், சம்பளப் பதிவு எல்லாவற்றிலும் அது தொற்றிக்கொள்ளும். ஒன்றில் ‘எஃப்.என்.யு.’, ஒன்றில் உண்மைப் பெயர் என்று இருந்தால் முதல் மாதச் சம்பளமே தள்ளிப்போகலாம். விண்ணப்பம் போடும் முன்பே பாஸ்போர்ட்டை மறுவெளியீட்டுக்குக் கொடுத்து, தந்தை பெயரைச் சர்நேமாகப் பிரித்து எழுதிக்கொள்வது நல்லது. விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம் வந்த பிறகு மாற்றினால் அதையும் திருத்தி வாங்க வேண்டியிருக்கும். ஆய்வுக் கட்டுரைகளில் எந்தப் பெயர் என்பதையும் அப்போதே முடிவு செய்து, ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்கிட் எண் ஒன்றை இலவசமாகப் பதிந்துகொள்ளலாம். ஒரு கட்டுரையில் எஸ். கார்த்திகேயன், அடுத்ததில் கே. செல்வம் என்று வந்தால் இருவர் என்றே கணக்காகும்.

ட்ரான்ஸ்கிரிப்ட் எனும் முழு மதிப்பெண் பதிவை வாங்கும் இடம் கல்லூரியைப் பொறுத்து மாறும். கடலூர் மாவட்டத்துத் தனியார் பொறியியல் கல்லூரிகளில் படித்தவர்கள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். சிதம்பரத்தில் படித்தவர்களுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகம். புதுச்சேரித் தனியார் கல்லூரிகளுக்குக் காலாப்பட்டிலுள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகம். பழைய புதுச்சேரி பொறியியல் கல்லூரி 2020-ல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக மாறியது. அதற்கு முன் பட்டம் வாங்கியவர்களின் பட்டம் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தினுடையது. விண்ணப்பத்தின்போது ஸ்கேன் பிரதி போதும் என்று பல இடங்களில் சொல்வார்கள். இடம் கிடைத்தபின் மூலத்தை நேராக அனுப்பச் சொல்வார்கள். அரியர் இருந்திருந்தால் மறைக்க வேண்டாம். ட்ரான்ஸ்கிரிப்டில் அது தெரியும்.

ஜெர்மனிக்கு 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர் விசாவுக்கு, கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். கையில் வர வாரக்கணக்கில் ஆகும் என்பதால் அட்மிஷன் வரும்வரை காத்திருக்காமல் முன்பே போட்டுவிட வேண்டும்.

ஆஃபர் கடிதத்தில் பார்க்க வேண்டியவை

சம்பளம் ஒன்பது மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்கா? ஒன்பது என்றால் கோடைக்கு யார் பொறுப்பு? எத்தனை ஆண்டுக்கு உறுதி? படிப்புக் கட்டணத் தள்ளுபடியில் ‘ஸ்டூடண்ட் ஃபீஸ்’ அடங்குமா? பல அரசுப் பல்கலைக்கழகங்களில் அடங்காது. ஒவ்வொரு செமஸ்டரும் கையிலிருந்து கட்ட வேண்டும், சில நூறு டாலரிலிருந்து ஆயிரத்தைத் தாண்டும் இடங்களும் உண்டு. மருத்துவக் காப்பீட்டில் எவ்வளவு அவர்கள் பங்கு? இவை கடிதத்தில் இல்லையென்றால் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

உதவித்தொகையோடு வரும் ஆஃபருக்கு ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று நெருக்கக்கூடாது என்பது அமெரிக்கப் பட்டதாரிக் கல்லூரிகளின் மன்றத்தில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்களின் ஒப்பந்தம். இது தெரியாமல் பிப்ரவரியிலேயே அவசரப்பட்டு ஒப்புக்கொள்கிறவர்கள் ஏராளம்.

ஆர்.ஏ. இருந்தாலும் கையில் பணம் வேண்டும். சமூகப் பாதுகாப்பு எண் வந்து, சம்பளப் பதிவு முடிந்து முதல் காசோலை வர ஒன்றரை மாதம் வரை ஆகலாம். அதற்குள் வாடகை முன்பணம் கட்டியாக வேண்டும். ஜெர்மனியில் ஆய்வாளர் பணியாகச் சேர்ந்தால் டி.வி-எல் 13 எனும் அரசு ஊதிய அளவில் பாதி முதல் முழு வேலை வரை ஒப்பந்தம் இருக்கும். அந்த ஒப்பந்தமே வருமானச் சான்று. ஒப்பந்தமில்லாத முதுகலை மாணவர்தான் முடக்கப்பட்ட கணக்கில் (மாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடியும் வங்கிக் கணக்கு) ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும்.

பாதுகாப்புச் சோதனை என்ற தடுப்பு

பாடப் படிப்புக்குப் போகிறவர்கள் சந்திக்காத ஒன்றை ஆய்வகத்துக்குப் போகிறவர்கள் சந்திக்கிறார்கள். சென்னை அண்ணா மேம்பாலம் அருகிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் நல்லபடி முடிந்தும், 221(ஜி) என்ற தாளைக் கொடுத்து அனுப்பலாம். அது இறுதி மறுப்பல்ல, கூடுதல் பரிசீலனை. ட்ரோன், செமிகண்டக்டர், லேசர், அணுசக்தி, குறியாக்கம், உயர்தரக் கலப்புலோகங்கள் போன்ற துறைகளில் இது அடிக்கடி நடக்கும். ஆராய்ச்சித் திட்டம், சி.வி., பேராசிரியர் விவரம் கேட்பார்கள். ஆராய்ச்சித் திட்டத்தை ஒரு பக்கத்தில், துறை தெரியாதவருக்கும் புரியும்படி, ராணுவச் சாயல் வராமல், உண்மையாக எழுதி முன்பே கையில் வைத்திருப்பது நல்லது. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் இழுக்கும் என்பதால் விமான டிக்கெட்டை விசா வந்தபின் எடுப்பதே புத்திசாலித்தனம்.

பிரிட்டனில் இதற்கு ஏ.டி.ஏ.எஸ். என்று பெயர். சில பொறியியல், அறிவியல் துறைகளில் முதுகலை, பி.எச்டி. சேரும் இந்தியர்கள் விசாவுக்கு முன் அந்த அனுமதியைப் பெற வேண்டும். பிரான்சில் பல ஆய்வகங்கள் ‘இசட்.ஆர்.ஆர்.’ எனும் கட்டுப்பாட்டு வளையத்துக்குள் இருக்கின்றன. அனுமதிக்கு இரண்டு மாதம் வரை ஆகும். அமெரிக்காவில் உள்ளே போன பிறகும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் தொடரும்: சில கருவிகளின் தொழில்நுட்ப விவரத்தை வெளிநாட்டவருக்குக் காட்டுவதே ஏற்றுமதியாகக் கருதப்படும். லேபின் ஒரு மூலைக்குள் நுழையக்கூடாது, ஒரு திட்டக் கூட்டத்தில் உட்காரக்கூடாது என்று ஆகலாம். ‘நான் சேரப்போகும் திட்டத்தில் குடியுரிமைக் கட்டுப்பாடு உண்டா, அதன் முடிவுகளை வெளியிடலாமா?’ என்று சேரும் முன்பே கேட்க வேண்டும். வெளியிட முடியாத வேலையில் இரண்டு ஆண்டு போனால் ஆய்வேட்டில் எழுத ஒன்றுமிருக்காது.

புதுச்சேரிக்காரர்களுக்குப் பிரான்ஸ் எளிதில் நினைவுக்கு வரும். அங்கே பி.எச்டி. என்பது மூன்றாண்டு வேலை ஒப்பந்தம். 2019-ல் ஐரோப்பியர் அல்லாத மாணவர்களுக்கு உயர்த்தப்பட்ட கட்டணம் பி.எச்டி.க்குப் பொருந்தாது. கம்பெனியும் ஆய்வகமும் சேர்ந்து நடத்தும் ‘சிஃப்ர்’ பி.எச்டி.யும் உண்டு. ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுதலாம் என்றாலும், பட்டறைத் தொழில்நுட்பரிடமும் அரசு அலுவலகத்திலும் பிரெஞ்சுதான் செல்லும். அலியான்ஸ் பிரான்சேயில் பி1 வரை முடித்துவிட்டுப் போகிறவருக்கு முதல் ஆறு மாதம் வெகுவாக இலகுவாகும்.

லேபில் முதல் மாதங்கள்

முதலில் மருத்துவப் பதிவு. நம்மூரில் பிறந்ததும் பி.சி.ஜி. போட்டுவிடுவார்கள். அதனால் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் காசநோய்ச் சோதனை தவறாகப் பாசிட்டிவ் காட்டலாம். இக்ரா எனும் ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்கினால் தேவையற்ற எக்ஸ்ரே, மாத்திரை அலைச்சல் மிச்சம்.

கருவிகளில் நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் அளவு முறை. அமெரிக்க லேபில் ஆப்டிகல் மேசையின் துளைகள் ஓர் அங்குல இடைவெளியில், கால் அங்குல-20 மரையில் இருக்கும். ஐரோப்பாவில் அதே மேசை 25 மில்லிமீட்டர் இடைவெளி, எம்6 மரை. எம்6 போல்ட் 6 மி.மீ., கால் அங்குலம் 6.35 மி.மீ.; பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எம்6 போல்ட்டைக் கால் அங்குலத் துளையில் வலுக்கட்டாயமாகத் திருகினால் மரை பிய்ந்துவிடும். வாயுக் குழாயில் இது இன்னும் மோசம். நம் பட்டறைகளில் பி.எஸ்.பி. எனும் பிரிட்டிஷ் அளவு மரை, அங்கே என்.பி.டி. எனும் அமெரிக்க அளவு மரை. அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 மரை என்பதால் சில சுற்று சரியாகவே போகும். ஆனால் ஒன்றின் மரைக் கோணம் 55 டிகிரி, மற்றதற்கு 60. எவ்வளவு டெஃப்லான் டேப் சுற்றினாலும் கசியும். ஹைட்ரஜன் லைனில் இப்படிக் கசிந்தால் விபத்துதான். ஸ்வேஜ்லாக் எனும் குழாய் இணைப்பு ஃபிட்டிங் என்றால் கால் அங்குலக் குழாய்க்குக் கையால் இறுக்கியபின் ஸ்பேனரில் ஒன்றேகால் சுற்று. எட்டில் ஒரு அங்குலக் குழாய்க்கு முக்கால் சுற்றே போதும். ‘நல்லா டைட்டா இருக்கட்டும்’ என்று மேலும் முறுக்கினால் குழாயைக் கவ்வும் ஃபெருல் வளையம் கெட்டுவிடும்.

திரவ நைட்ரஜன் ஆவியானால் ஏறக்குறைய 700 மடங்கு இடத்தை அடைத்து ஆக்சிஜனைத் தள்ளிவிடும். அதனால்தான் அந்தக் குடுவையோடு ஆள் லிஃப்டில் ஏறக்கூடாது என்ற விதி. பயிற்சி முடிந்து பெயர் பதிவாகும் முன் எந்தக் கருவியையும் தொட வேண்டாம். தெரியாது என்று சொல்ல அங்கே யாரும் கூச்சப்படுவதில்லை. நம் கல்லூரிகளில் ‘புரியுதா?’ என்றால் தலையாட்டிப் பழகியவர்களுக்கு இதுதான் கடினம். கருவியை உடைத்தால் உடனே சொல்லிவிட வேண்டும். உடைந்தது மன்னிக்கப்படும், மறைத்தது மன்னிக்கப்படாது.

ஆர்.ஏ. வேலை வாரம் 20 மணி நேரக் கணக்கு. எஃப்-1 எனும் மாணவர் விசாவில் செமஸ்டர் நாட்களில் வளாக வேலைக்கு அனுமதியும் அவ்வளவுதான். எனவே கூடுதல் வருமானத்துக்கு வேறு வேலை என்பது விசா மீறல், ரொக்கமாக வாங்கினாலும். சம்பளச் சீட்டில் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் (அரசு மருத்துவக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எஃப்-1 மாணவருக்கு முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகளுக்கு அது கிடையாது. இந்திய மாணவர்களுக்கு மட்டும் வரி ஒப்பந்தத்தின் 21(2) பிரிவின்படி நிலைக்கழிவு (ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன்) கோரும் உரிமை உண்டு. இதைக் கோராமல் 1040-என்.ஆர். எனும் வரிப் படிவத்தை நிரப்பி வரியைக் கூடுதலாகக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

லேப் ஒத்துவரவில்லை என்றால்

மானியம் முடிந்துபோகலாம், பேராசிரியர் இடம் மாறலாம், இருவருக்கும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். முதல் ஓரிரு ஆண்டுக்குள் லேப் மாறுவது அங்கே அவமானமல்ல. வரிசை முக்கியம்: முதலில் துறையின் பட்டதாரிப் படிப்பு இயக்குநரிடம் தனியாகப் பேச வேண்டும், அடுத்து, சேர விரும்பும் பேராசிரியரிடம் பணம் இருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும், அதன் பிறகே இப்போதைய பேராசிரியரிடம் சொல்ல வேண்டும். ஒரே துறைக்குள் மாறினால் பொதுவாக விசா நிலை மாறாது. வேறு பல்கலைக்கழகம் என்றால் செவிஸ் எனும் அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவை அங்கே மாற்ற வேண்டும்.

பி.எச்டி.யை விட்டுவிடுவது என்றே முடிவானால், எம்.எஸ். பட்டத்துக்குரிய பாடங்கள் முடிந்திருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். பட்டத்தோடு வெளியேறுகிறவருக்கு நாட்டில் தங்க 60 நாள் அவகாசமும், ஓ.பி.டி. எனும் ஓராண்டு வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கும் தகுதியும் உண்டு. பொறியியல் என்பதால் மேலும் 24 மாத நீட்டிப்பு கோரலாம். சர்வதேச மாணவர் அலுவலகத்தின் ஒப்புதலோடு நடுவில் நிறுத்தினால் 15 நாள். யாரிடமும் சொல்லாமல் வகுப்பை விட்டுவிட்டால் அவகாசம் ஒரு நாளும் கிடையாது. எனவே ராஜினாமாக் கடிதம் பேராசிரியரின் மேசைக்குப் போகும் முன் அந்த அலுவலகத்தில் ஒரு சந்திப்பு நேரம் வாங்கிவிட வேண்டும்.